இசைத்தட்டும் பாடபேதமும்



கச்சேரி கேட்டுப் பழகிய காதுகள் இங்கே நிறைய இருக்கின்றன. அதனால் சுருதியிலிருந்தே தொடங்குகிறேன்.

நியூயார்க்கில் முப்பதாவது தெருவில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்று இருந்தது. கொலம்பியா நிறுவனம் அதை ஒலிப்பதிவுக் கூடமாக வைத்திருந்தது. 1959 மார்ச் 2 அன்று மைல்ஸ் டேவிஸ் தன் குழுவோடு அங்கே போனார். கூட இருந்தவர்கள் ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பில் எவான்ஸ், விண்டன் கெல்லி, பால் சேம்பர்ஸ், ஜிம்மி காப். அன்றைக்கு மூன்று உருப்படிகள் பதிவாயின. ஏப்ரல் 22 அன்று மறுபடி கூடி இன்னும் இரண்டு வாசித்தார்கள். ஆகஸ்டில் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டு கடைக்கு வந்தது. ஜாஸ் பக்கமே போகாதவர்கள் வீட்டிலும் இருக்கிற ஜாஸ் தட்டு அது.

மார்ச் 2 அன்று ஓடிய முதன்மை டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. கூடத்தில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. மெதுவாக ஓடிப் பதிவான நாடாவைச் சரியான வேகத்தில் திருப்பி ஓட்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். காலம் கொஞ்சம் ஓடும், சுருதி கொஞ்சம் ஏறும். இங்கே ஏறியது ஒரு ஸ்வரஸ்தானத்துக்குக் குறைவுதான். ஆனாலும் பியானோவோ புல்லாங்குழலோ வைத்துக்கொண்டு கூட வாசிக்க உட்கார்ந்தவருக்கு இடிக்கிற அளவுக்கு அது ஏறியிருந்தது. தட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் மூன்றும் மார்ச் 2 அன்று பதிவானவை. இரண்டாம் பக்கம் ஏப்ரல் பதிவு, அதில் பழுதில்லை. ஒரே தட்டில் ஒரு பக்கம் ஏறிய சுருதி, மறுபக்கம் நேர் சுருதி. உலகம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் கேட்டது.

அன்று இன்னொரு டேப் இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாடாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இருக்கட்டும் என்று கூடவே எடுக்கும் காப்பு நாடா அது, சரியான வேகத்தில் பதிவாகியிருந்தது. 1992-இல் புதிய குறுந்தகடு தயாரித்தபோது அந்த நாடாவை எடுத்து முதல் பக்கத்தின் சுருதியைச் சரிசெய்தார்கள். அதற்குப் பிறகு வந்த நல்ல மறுபதிப்புத் தட்டுகளும் அந்த வழியில்தான் வந்தன.

இப்போது சேகரிப்பாளர்களின் சந்தையைப் பாருங்கள். நடு ஒட்டுத்தாளில் ஆறு கண்கள் போலச் சின்னம் அச்சிட்ட 1959-ஆம் ஆண்டு முதல் தட்டுக்குத்தான் விலை. அந்தத் தட்டில் சுருதி பிசகு. முதலில் அச்சான பிரதிகளில் இரண்டாம் பக்கத்து உருப்படிகளின் பெயர்களும் இடம் மாறி அச்சாகியிருந்தன. இத்தனை பிழைகளோடு இருப்பதை நாம் ‘ஒரிஜினல்’ என்கிறோம். கூடத்தில் மைல்ஸ் வாசித்த சுருதிக்கு நெருக்கமாக இருப்பதை ‘ரீ-இஷ்யூ’ என்று ஒரு படி கீழே வைக்கிறோம்.

எந்த ஊரில் பேசினாலும் என்னிடம் முதலில் வரும் கேள்வி, ஒரிஜினல் தட்டில் ஒலி நன்றாக இருக்குமா, மறுபதிப்பிலா என்பது. கேட்பவர்கள் ஒரு வரிப் பதிலை எதிர்பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது, கேள்வியைத்தான் மாற்றிக் கேட்க வேண்டும். எப்படி மாற்றுவது என்பதற்குத் தமிழில் நமக்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: பாடபேதம்.

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவரிடம் ஒரே ஒரு ஏடு இருந்திருந்தால் அதைப் பார்த்து அச்சுக் கோத்துவிட்டுப் போயிருக்கலாம். பல ஊர்களிலிருந்து பல ஏடுகள் வந்தன. ஒன்றில் இருந்த சொல் இன்னொன்றில் இல்லை. ஒன்றில் எழுத்து தேய்ந்திருந்தது, ஒன்றில் எழுதியவன் கண் தவறி வரி விட்டிருந்தான். பழைய ஏடு என்பதாலேயே ஒன்றை ஏற்கவும் முடியாது, புதிதாகப் பெயர்த்து எழுதியது என்பதாலேயே ஒன்றைத் தள்ளவும் முடியாது. எந்த ஏடும் திருத்தக்கதேவர் தம் கையால் எழுதியது இல்லை, எல்லாமே பிரதியின் பிரதி. ஐயர் அவற்றை ஒப்பிட்டார். யார் யார் ஏடு கொடுத்தார்கள் என்பதை முகவுரையில் எழுதி வைத்தார்.

இசைத்தட்டும் பிரதிதான். நாம் ஒரிஜினல் என்று சொல்வது முதல் பதிப்பை. மூலம் நாடாவில் இருக்கிறது. நாடாவுக்கும் நம் ஊசிக்கும் நடுவில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று பார்த்தால், கேள்வி தானே வேறு வடிவம் எடுத்துக்கொள்ளும்.

அலுமினியத் தகட்டின் மேல் லாக்கர் பூசிய 14 அங்குல வட்டு ஒன்றை ஒரு கனத்த இயந்திரத்தில் ஏற்றிச் சுழற்றுவார்கள். சூடேற்றிய நீலக்கல் முனை அதன் மேல் இறங்கும். உழவர் வயலில் சால் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளி விளிம்பில் இறங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகிற ஒரே சால். அந்தச் சாலின் இரண்டு கரைகளும் நெளிகிற நெளிவில்தான் பாட்டு இருக்கிறது. ஸ்டீரியோ தட்டில் ஒரு கரை இடது காதுக்கு, மறு கரை வலது காதுக்கு. வெட்டி முடித்த வட்டுக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்து, அதன் மேல் மின்முலாமாக நிக்கலை ஏற்றி உரித்தெடுப்பார்கள். அதற்கு ஃபாதர் என்று பெயர். அதிலிருந்து மதர், மதரிலிருந்து ஸ்டாம்பர். சூடான வினைல் பிண்டத்தை இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் தட்டு. ஒரு ஸ்டாம்பர் ஆயிரம் தட்டு, கொஞ்சம் கூடக்குறைய உழைக்கும். அதற்குள் அதன் முகடுகள் மழுங்கத் தொடங்கிவிடும். ஆகவே முதல் பதிப்பு என்ற பெயரிலேயே, புது ஸ்டாம்பரில் விழுந்த ஐம்பதாவது தட்டும் ஓய்ந்த ஸ்டாம்பரில் விழுந்த கடைசித் தட்டும் ஒன்றல்ல. அட்டையும் எண்ணும் ஒட்டுத்தாளும் ஒன்றாகவே இருக்கும், காதுக்கு மட்டும் வேறாக இருக்கும்.

இதில் இயந்திரம் தானாகச் செய்வது குறைவு. கணத்துக்குக் கணம் முடிவெடுப்பவர் கட்டிங் இன்ஜினியர் எனப்படும் மனிதர். தாழ்ந்த ஸ்தாயி ஒலிக்குச் சால் அகலமாக நெளியும். அப்படியே விட்டால் பக்கத்துச் சாலில் இடித்துவிடும், ஊசி குதிக்கும். அதனால் வெட்டும்போது தாழ் ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டி வெட்டுவார்கள். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்கித் திருப்பித் தரும். 1954-இல் இருந்து எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் ஆளுக்கொரு கணக்கு. ஐம்பதுகளின் தொடக்கத்துத் தட்டு ஒன்றை இன்றைய ஆம்ப்ளிஃபயரில் போட்டுவிட்டு ‘ஒலி மந்தமாக இருக்கிறது’ என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். பல சமயம் குற்றம் தட்டில் இருக்காது, திருப்பித் தரும் கணக்கு பொருந்தாததுதான் காரணம்.

இடம் இன்னொரு தலைவலி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் சால் ஓடுகிறது. நடுவுக்கு வரும்போது அது 21 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். அதே ஒரு நொடிப் பாட்டை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். நெருக்கி எழுதினால் எழுத்து கலங்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் கீறலாகக் கேட்பது இதனால்தான். பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குள் இருந்தால் நல்ல சத்தமாக, தாராளமாக வெட்டலாம். இருபத்தைந்தைத் தாண்டினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் தாழ் ஒலியைக் கழிக்க வேண்டும். மறுபதிப்பு போடுகிறவர்கள் இரண்டு பாட்டு கூடுதலாகச் சேர்த்து விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. மற்ற பாட்டுகள் எல்லாம் அந்த இரண்டுக்காகத் தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்திருக்கும்.

ஆக, இயந்திரத்தின் முன் உட்கார்ந்த மனிதர் யார், யாருக்காக வெட்டினார் என்பதுதான் கேட்க வேண்டியது. அதற்கு இரண்டு கதை சொல்கிறேன்.

முதலாவது 1969-இல் நடந்தது. லெட் செப்ளின் குழுவின் இரண்டாவது தட்டு. அதை வெட்டியவர் அப்போது இளைஞராக இருந்த பாப் லுட்விக். நாடாவில் இருந்த வேகத்தையும் அடித்தளத்தையும் குறைக்காமல் அப்படியே சாலில் இறக்கிவிட்டார். தட்டு வெளிவந்தது. ஒரு பிரதி மலிவான சிறு பிளேயர் ஒன்றில் ஓடியது. அதில் ஊசி குதித்தது. அட்லாண்டிக் நிறுவனம் உடனே வேறு வெட்டு கேட்டது. தாழ் ஒலியைக் குறைத்து, ஏற்ற இறக்கத்தை நெருக்கி மறுபடி வெட்டினார்கள். பல்லாண்டுகள் உலகம் வாங்கியது அந்தச் சாந்தமான வெட்டைத்தான். இது லுட்விக்கே பலமுறை சொன்ன கதை. முதல் வெட்டில் தட்டின் நடுவில், பாட்டு முடிந்து ஒட்டுத்தாள் தொடங்கும் வெற்று வளையத்தில், ‘ஆர்.எல்.’ என்று அவர் கையால் கீறிய இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதைத் தேடி உலகமே அலைகிறது. அலைவதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. அந்தத் தட்டில் ஜான் பொன்ஹமின் டிரம் ஒலி மார்பில் வந்து விழும். இங்கே முதல் பதிப்பே மேல். ஆனால் அதை மேலாக்கியது ஆண்டு அல்ல, அந்த இரண்டு எழுத்துக்காரர். அதைத் தொடர்ந்து விரைவில் வந்த இரண்டாவது வெட்டும் ‘ஒரிஜினல்’ என்றுதான் விற்கப்படுகிறது.

இரண்டாவது மனிதர் ரூடி வான் கெல்டர். தொழில் கண் பரிசோதனை. நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹேக்கன்சாக் என்ற ஊரில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்டார். ப்ளூ நோட் நிறுவனத்தின் பெரும்பாலான புகழ்பெற்ற பதிவுகள் அந்த வரவேற்பறையிலும், 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் அவர் கட்டிய புதுக் கூடத்திலும் பிறந்தவை. பதிவும் அவரே, வெட்டும் அவரே. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே காது. தட்டின் வெற்று வளையத்தில் அவர் முத்திரை இருக்கும். பக்கத்தில் காது வடிவில் ஒரு கீறலும் இருக்கும். அது பிளாஸ்டிலைட் அச்சகத்தின் அடையாளமான ‘பி’ எழுத்து. 1966-இல் ப்ளூ நோட் கைமாறும் வரை அது வந்தது. சேகரிப்பாளர்கள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து அந்தக் காதைத் தேடுவார்கள். நானும் தேடியிருக்கிறேன். கிடைத்த நாளில் சாப்பாடு இறங்கவில்லை.

ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’ 1957 செப்டம்பர் 15 அன்று அந்த வரவேற்பறையில் பதிவானது. அதன் பழைய வெட்டு ஒன்றையும், 2022-இல் ‘டோன் போயட்’ வரிசையில் கெவின் கிரே அசல் நாடாவிலிருந்து வெட்டிய மறுபதிப்பையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டேன். புதியதில் பால் சேம்பர்ஸின் பாஸ் நரம்பு தரையைத் தொடுகிறது. சிம்பலில் குச்சி பட்ட இடமும் அதற்குப் பிறகு பரவும் உலோக நாதமும் தனித்தனியாகக் கேட்கின்றன. பழையதில் இவ்விரண்டும் குறைவு. ஆனால் லீ மார்கனின் டிரம்பெட் பழைய வெட்டில் அறைக்குள் வந்து நிற்கிறது. புதியதில் அவர் ஓரடி பின்னால் தள்ளி நிற்கிறார்.

காரணம் இருக்கிறது. வான் கெல்டர் வெட்டியது 1957-ஆம் ஆண்டு வீடுகளுக்கு. ஊசியைத் தாங்கும் கனத்த கையும் சின்ன ஸ்பீக்கரும் கொண்ட பிளேயர்கள் அங்கே இருந்தவை. அடி ஸ்தாயியைக் கழித்து, நடு ஸ்தாயியை முன்னுக்குத் தள்ளி, அந்த ஸ்பீக்கரிலும் கோல்ட்ரேன் உயிரோடு வரும்படி செய்தார். கெவின் கிரே வெட்டுவது இன்றைய கருவிக்கு. அவர் எதையும் கழிக்க வேண்டிய தேவை இல்லை. நாடாவில் இருப்பது எது என்று கேட்டால் மறுபதிப்பு பக்கம் கை காட்டுவேன். அந்தப் பதிவைச் செய்தவர் மக்கள் காதுக்கு எதைக் கொடுக்க நினைத்தார் என்று கேட்டால் பழைய தட்டு. இரண்டும் வேண்டும் என்பதே என் நிலை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வான் கெல்டரே பின்னாளில் டிஜிட்டல் பதிவை மனமார வரவேற்றார். ஒலியைக் கெடுப்பதில் எல்பி தட்டுக்கே பெரும் பங்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அவர் வெட்டிய தட்டுகளைப் பூஜையில் வைப்பவர்கள் இதைச் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, நல்ல இன்ஜினியர் கிடைத்தால் மறுபதிப்பே போதும் என்று எழுந்து போய்விடாதீர்கள். நாடா வயதாகும் பொருள். பிளாஸ்டிக் பட்டையின் மேல் காந்தத் துகளைப் பசையால் ஒட்டியதுதான் அது. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில நாடாக்களின் பசை, காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிட்டது. இயந்திரத்தில் ஓட்டினால் துகள் உரிந்து தலைகளில் அப்பிக்கொள்ளும். அவற்றைச் சுமார் 54 டிகிரிச் சூட்டில் மணிக்கணக்கில் வாட்டி, கிடைக்கும் குறுகிய அவகாசத்தில் ஓட்டிப் பதிவெடுக்கிறார்கள். நீண்ட நாள் சுருட்டியே வைத்த நாடாவில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மங்கலாகப் பதிந்துவிடுவதும் உண்டு. பாட்டு தொடங்கும் முன்பே அதன் நிழல் கேட்கும். முதல் பதிப்பை வெட்டிய நாளில் நாடா புதியது. அந்தப் புதுமையை எந்த மறுபதிப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

நாடாவே இல்லாமல் போவதும் உண்டு. 2008 ஜூன் 1 அன்று ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீயில் மூல நாடாக்களும் எரிந்தன. எவ்வளவு எரிந்தது என்பதில் பெரிய சர்ச்சை உண்டு. அசல் போய்விட்டால் படி எடுத்த நாடாதான் கதி. ஒவ்வொரு படியும் இரைச்சலைக் கூட்டும், மேல் ஸ்தாயியைத் தேய்க்கும். அறுபதுகள், எழுபதுகளில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டவை பெரும்பாலும் இப்படிப்பட்ட படிகளே. அதனால் பிரிட்டிஷ் குழு ஒன்றின் தட்டு என்றால், அதே ஆண்டில் பிரிட்டனில் வெட்டியதும் வேறு நாட்டில் வெட்டியதும் இரண்டு பாடங்கள்.

இப்போது என் சொந்த வருத்தம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மறுபதிப்பு வாங்கினேன். எழுபதுகளின் கடைசியில் வந்த ஒரு தமிழ்ப் படத்தின் பாட்டுத் தட்டு. வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். பளபளக்கும் அட்டை, 180 கிராம் கனம், நல்ல விலை. அதே படத்தின் பழைய தட்டு, அண்ணன் கல்லூரிக் காலத்தில் வாங்கியது, என்னிடம் இருந்தது. ஓரம் வளைந்து, கீறல் விழுந்து, நடு ஒட்டுத்தாளில் அண்ணன் பேனாவால் எழுதிய எங்கள் வீட்டுப் பெயரோடு இருக்கிற தட்டு.

இரண்டையும் ஒரே ஊசியில் கேட்டேன். புதியதில் கீறல் சத்தம் இல்லை. கூடவே பாடகியின் மூச்சும் இல்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சு இழுப்பது பழையதில் தெளிவாகக் கேட்கும். இரைச்சலை நீக்குகிற மென்பொருளுக்கு அந்த மூச்சும் இரைச்சலாகத்தான் தெரிந்திருக்கிறது. தபேலாவில் இடது கை அடித்த பிறகு நாதம் வளைந்து தேயும் அல்லவா, அந்தத் தேய்வு பாதியில் நறுக்கப்பட்டிருந்தது. மெதுவாகத் தொடங்கிப் பெருக வேண்டிய வயலின் கூட்டம் முதல் விநாடியிலிருந்தே ஒரே சத்தத்தில் கத்தியது. கைபேசிக்கும் காருக்கும் செய்த டிஜிட்டல் கோப்பை எடுத்து அப்படியே தட்டில் வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் என் காது சொல்கிறது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எந்த நாடா, யார் வெட்டினார், எங்கே வெட்டினார், ஒரு வார்த்தை இல்லை. பதிப்பாசிரியர் பெயர் போடாமல் ஒருவர் புறநானூறு அச்சிட்டால் தமிழ் படித்தவர்கள் சும்மா விடுவார்களா? நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை.

டிஜிட்டல் என்பதே குற்றம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 ஜூலையில் அமெரிக்காவில் பெரும் புயல் ஒன்று கிளம்பியது. மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனம் மூல நாடாவிலிருந்து தட்டு வெட்டுவதற்குப் பேர் பெற்றது. 2011 முதலே அதன் பல தட்டுகளுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது என்பதை அதன் இன்ஜினியர்களே ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. சொல்லாமல் விட்டது தவறு, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பத்தாண்டுகளில், டிஜிட்டல் வாடை பட்டாலே கண்டுபிடித்துவிடுவோம் என்று சொல்லி வந்தவர்கள் அதே தட்டுகளை உச்சிமேல் வைத்து மெச்சியிருந்தார்கள். கவனமாகச் செய்தால் அந்தப் படி காதில் உறுத்தாது என்பதற்கு அதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை. போதாததற்கு, எழுபதுகளின் இறுதியிலிருந்து பல கட்டிங் கூடங்களில் டிஜிட்டல் தாமதக் கருவி வந்துவிட்டது. தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 நொடி. அடுத்த சுற்றில் பெரிய சத்தம் வரப்போகிறதா என்று வெட்டும் இயந்திரத்துக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் சாலுக்கு இடம் விட முடியும். முன்பு இதற்காக டேப் இயந்திரத்தில் இரண்டு தலைகள் வைத்திருந்தார்கள். பிறகு ஒலியை டிஜிட்டலாக்கி அந்த நேரத்துக்குத் தாமதப்படுத்தினார்கள். ஆக, எண்பதுகளின் ‘ஒரிஜினல்’ தட்டுகளிலும் டிஜிட்டல் கலந்தவை உண்டு.

நல்ல பதிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு நான் காட்டுவது பீட்டில்ஸின் மோனோ தட்டுகளை. 2012-இல் ஸ்டீரியோ தட்டுகளை டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டி வெளியிட்டிருந்தார்கள், வரவேற்பு கலவையாக இருந்தது. 2014-இல் மோனோவுக்கு வேறு வழி எடுத்தார்கள். ஆபே ரோடு கூடத்தில் ஷான் மாகியும் ஸ்டீவ் பெர்கோவிட்ஸும் அசல் நாடாக்களை நேரே வெட்டும் இயந்திரத்துக்கு ஓட்டினார்கள், நடுவில் டிஜிட்டல் இல்லை. அறுபதுகளில் வெட்டியவர்கள் எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பதிப்புத் தட்டுகளையும் ஒப்பிட்டுக் கேட்டபடியே வெட்டினார்கள். ஏடு ஒப்பிடுவது என்றால் இதுதான். என்ன செய்தார்கள் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். பீட்டில்ஸ் தாங்களே உட்கார்ந்து கவனித்த கலவை மோனோ. ‘சார்ஜன்ட் பெப்பர்’ தட்டில் ‘ஷி இஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் ஒரு ஸ்வரஸ்தானம் மேலே, வேகமாக ஓடும். ஸ்டீரியோவில் கீழே, மெதுவாக. இது டேப் இயந்திரம் செய்த பிழை அல்ல, வேண்டுமென்றே செய்தது. மைல்ஸின் சுருதியைத் திருத்தலாம், இதைத் திருத்தக் கூடாது. எது பிழை, எது பாடம் என்று பிரித்தறிவதற்குத்தான் பதிப்பாசிரியர் வேண்டும்.

வீட்டில் ஒப்பிட்டுக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. இரண்டு தட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவராமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கொஞ்சம் சத்தம் கூடினாலும் காது அதைத்தான் ‘நன்றாக இருக்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும். பழைய தட்டைக் கழுவிவிட்டுக் கேளுங்கள். கனத்த கையால் ஆயிரம் முறை ஓடிய சால் கழுவினாலும் திரும்பாது, அதை மறுபதிப்போடு ஒப்பிடுவது நியாயமும் இல்லை. 180 கிராம் என்ற எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கனம் தட்டை நிலையாக வைக்கும், சாலில் இல்லாததைக் கொண்டுவராது. அதைவிடத் துளையைப் பாருங்கள். நடுத் துளை ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் ஊசி உள்ளும் வெளியும் ஆடும், சுருதி ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்கும். நீண்டு நிற்கும் பியானோ ஸ்வரத்தில் இது அழுகிறாற்போல் கேட்கும். விலை உயர்ந்த மறுபதிப்புகளிலேயே நான் இதைப் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

கடைசியாக, நாடாவே இல்லாத காலத்துப் பதிவுகள். நம்மூர்ப் பழைய சங்கீதமும் நாடகப் பாட்டும் ஆரம்பகாலச் சினிமாப் பாட்டும் 78 சுழற்சி அரக்குத் தட்டுகளில்தான் இருக்கின்றன. மெழுகு மூலமும் உலோக அச்சும் போய்விட்ட இடத்தில், மிஞ்சிய தட்டே ஏடு. அதிலிருந்து மறுபதிப்பு செய்கிறவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு வேகம். 78 என்று பேர்தானே தவிர, அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக 78-இல் பதிவானவை அல்ல. எழுபதுக்குப் பக்கத்தில் இருந்து எண்பதைத் தாண்டியது வரை உண்டு. பதிப்பவர் பேரில் இருக்கும் எண்ணை நம்பி 78-இல் ஓட்டிவிட்டால், பாடகரின் சுருதியை அவரே தீர்மானித்துவிட்டார் என்று பொருள். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு ‘அந்தக் காலத்தில் எவ்வளவு உயரச் சுருதி’ என்று நாம் வியந்துகொண்டிருப்போம்.

என்னிடம் அப்படி ஒரு தட்டு இருக்கிறது. ஒட்டுத்தாள் தேய்ந்து பாடியவர் பெயர் படிக்க முடியவில்லை, ஆண் குரல். 78-இல் சுழற்றினால் ஐந்தரைக் கட்டைக்குக் கிட்டத்தில் நிற்கிறார். 74-க்குக் கீழே இறக்கினால் ஐந்து கட்டை. இரண்டிலும் குரல் இயல்பாகத்தான் இருக்கிறது. பின்னால் ஓர் ஆர்மோனியம் வாசிக்கிறது, பல்லவி முடிந்ததும் தனியாக நாலு ஸ்வரம் வரும். நாடகமேடை ஆர்மோனியங்களைத் தொட்டு வாசித்துப் பழகியவர்கள் இந்த அவையில் யாராவது இருந்தால், பேச்சு முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். தட்டையும் வேகம் மாற்றக்கூடிய பிளேயரையும் கொண்டுவந்திருக்கிறேன். அந்த நாலு ஸ்வரம் எந்த ரீடில் விழுகிறது என்று நீங்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.